கப்பலேறுமுன் எண்ணிப் பார்த்த செலவு



ஒரு குடும்பம் அயல்நாட்டு ஊழியத்திற்கு ஆயத்தப்படுகிறது என்று சபையில் அறிவிப்பு வரும்போது, நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த நாட்டுக்குப் போகிறார்கள்? எப்போது புறப்படுகிறார்கள்? எவ்வளவு பணம் தேவைப்படுகிறது? இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. ஆனால் நாம் கேட்கத் தவறுகிற நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அழைப்பைப் பெற்ற நாளுக்கும் கப்பலேறும் நாளுக்கும் இடையே அந்த வீட்டுக்குள் நடப்பது என்ன? கணவனும் மனைவியும் இரவில் எதைப் பேசிக்கொள்கிறார்கள்? முதிர்ந்த பெற்றோரிடம் எப்படிச் சொல்கிறார்கள்? ஒன்றும் அறியாத பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? விசுவாசம் என்பது மேடையில் சாட்சி சொல்லும் வேளையில் மட்டும் காணப்படுவதன்று. அந்த இடைக்காலத்தில், கதவு சாத்திய அறைக்குள், அது உருவாகிறது.

இந்த வாரத் தியானத்திற்கு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஆயத்தப்பட்ட ஒரு குடும்பத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். அவர்கள் புறப்பட்டது அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து. ஆனால் அவர்கள் பிள்ளைகளின் காலடித் தடம் வந்து பதிந்தது நம்முடைய வட ஆற்காட்டு மண்ணில். திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தாலும், 1911 வரை அது வட ஆற்காட்டின் பகுதியாகவே இருந்தது. பின்பு சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது, ம.பொ.சி. முதலானோர் முன்நின்ற எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று மீண்டும் தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே ஆற்காட்டு மிஷனின் கதை நமக்கு அயலார் கதையன்று.

ஒரு சிறு நூலும் அதன் பின்னிருந்த கல்லறையும்

ஜான் ஸ்கடர் 1793-ஆம் ஆண்டு நியூஜெர்சியில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் பட்டம் பெற்று, நியூயார்க்கில் மருத்துவம் கற்று, அந்நகரிலேயே மருத்துவராகத் தொழில் நடத்திவந்தார். 1816-இல் ஹாரியட் வாட்டர்பரி என்னும் பெண்ணை மணந்தார். தொழில் வளர்ந்துகொண்டிருந்தது, மடியில் ஒரு பெண் குழந்தை இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குறையொன்றும் இல்லாத வாழ்வு.

ஒரு நாள் நோயாளி ஒருவரைக் காணச் சென்ற இடத்தில், காத்திருந்த நேரத்தில், மேசைமேல் கிடந்த ஒரு சிறு நூல் அவர் கைக்கு வந்தது. உலகில் சுவிசேஷம் கேளாத அறுபது கோடி மக்களைப் பற்றியும், அவர்கள்மட்டில் சபைகளுக்குள்ள கடமையைப் பற்றியும் பம்பாயிலிருந்த மிஷனெரிகளான கோர்டன் ஹாலும் சாமுவேல் நியூவெல்லும் எழுதி 1818-இல் வெளியான நூல் அது. அதை இரவல் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தார். அதன்பின் அவருடைய உள்ளம் ஓயவில்லை.

அன்பானவர்களே, அந்த நூலை எழுதிய இருவரில் ஒருவரான நியூவெல் யார் என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1812 பிப்ரவரியில் அவரும் அவருடைய இளம் மனைவி ஹாரியட் நியூவெல்லும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறினார்கள். அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதியில் மிஷனெரிகளை அனுமதிக்கவில்லை. கல்கத்தாவில் தங்க இடமில்லாமல் மொரீஷியஸ் தீவை நோக்கிப் போகும் வழியில், கடலிலேயே குழந்தை பிறந்தது. சில நாட்களில் இறந்தது. அந்தத் தீவில் 1812 நவம்பர் 30 அன்று, பத்தொன்பதே வயதில், தாயும் மரித்தார். ஊழியத்தைத் தொடங்குமுன்னரே மனைவியையும் மகவையும் புதைத்த மனிதர்தாம் பின்பு பம்பாயில் அமர்ந்து, சபைகளே, இன்னும் ஆட்களை அனுப்புங்கள் என்று எழுதினார். கிரயத்தை அறியாதவர் எழுதிய அழைப்பன்று அது. முழுக் கிரயமும் செலுத்தியவர் எழுதியது. ஸ்கடரின் உள்ளத்தை அது தொட்டதில் வியப்பில்லை.

ஹாரியட்டின் சம்மதம்

இத்தகைய வரலாறுகளை நாம் சொல்லும்போது, அழைப்பு ஆணுக்கு வந்தது என்று தொடங்கி, மனைவியும் உடன் சென்றாள் என்ற ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் எத்தனை கண்ணீர் அடங்கியிருக்கிறது என்பதை நாம் நின்று பார்ப்பதில்லை.

1819-இல் அமெரிக்கப் பெண் ஒருத்தி ஆசியாவுக்குப் போவது என்பதன் பொருள் என்ன? கடற்பயணம் மட்டும் நான்கு மாதங்களுக்கு மேல். ஒரு கடிதம் போய் மறுமொழி வர ஏறக்குறைய ஓர் ஆண்டு. தாய் இறந்தால் அந்தச் செய்தி, அடக்கம் முடிந்து பல மாதங்கள் கழித்தே வந்து சேரும். இன்று இருப்பதுபோல் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தம் அன்று இல்லை. புறப்படுவது ஆயுள் முழுவதற்குமே. ஹாரியட் நியூவெல்லின் மரணமோ அப்போது அமெரிக்கக் கிறிஸ்தவ இல்லங்களில் நன்கு அறியப்பட்டிருந்தது. ஆகவே ஹாரியட் ஸ்கடர் அறியாமையால் சம்மதித்தார் என்று சொல்ல இயலாது. அதே பெயர் கொண்ட மற்றொரு பெண்ணின் கல்லறையை மனக்கண்ணால் பார்த்துக்கொண்டே அவர் தம் சம்மதத்தைத் தந்தார்.

ஸ்கடர் தம் மனத்திலிருந்ததைக் கூறியபோது, ஹாரியட் அதைக் கணவனின் கட்டளையாக ஏற்கவில்லை; இருவரும் சேர்ந்து ஜெபித்து எடுத்த முடிவாகவே அது அமைந்தது. அயல்நாட்டு மிஷனெரிகளை அனுப்பும் அமெரிக்கன் போர்டு என்னும் சங்கம், இலங்கையில் தன் பணிக்கு ஒரு மருத்துவரைத் தேடிக்கொண்டிருந்தது. ஸ்கடர் தம்மை ஒப்புக்கொடுத்தார். அமெரிக்காவிலிருந்து மருத்துவ ஊழியத்திற்கென அயல்நாடு சென்ற முதல் மிஷனெரி அவரே என்று வரலாறு குறிக்கிறது.

வாசகரே, நீங்கள் கணவனாயிருந்தால், உங்கள் அழைப்பில் உங்கள் மனைவியின் குரல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள். ஆதியாகமம் 12-ஆம் அதிகாரத்தில் ஆபிராமுக்கு அழைப்பு வருகிறது; ஆனால் கூடாரத்தை மடித்தவள் சாராயும்தான். ஒருவருடைய தரிசனத்திற்காக மற்றவர் மௌனமாய் இழுத்துச் செல்லப்படும் வீட்டில், ஊழியம் தொடங்குமுன்னமே விரிசல் தொடங்கிவிடும்.

எதிர்த்து நின்ற தந்தை

ஜான் ஸ்கடரின் தந்தை வழக்கறிஞர். மகனுடைய முடிவை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்த எதிர்ப்பு தந்தைக்கும் மகனுக்கும் இடையே ஆழமான பிளவை உண்டாக்கியது. பிரசங்கங்களில் இப்படிப்பட்ட தந்தையர் பெரும்பாலும் விசுவாசமற்றவர்களாகவும், தேவ சித்தத்திற்குத் தடையாக நிற்பவர்களாகவும் காட்டப்படுவதுண்டு. நான் அவ்வாறு சொல்லத் துணியமாட்டேன்.

அவர் நிலையில் நின்று பாருங்கள். படிக்க வைத்து மருத்துவராக்கிய மகன்; நன்மதிப்புள்ள மருமகள்; நடக்கத் தொடங்கிய பேத்தி. மூவரையும் இனி இவ்வுலகில் காணப்போவதில்லை என்று அறிந்து, கையசைத்து அனுப்பச் சொன்னால் எந்தத் தந்தையின் உள்ளம் இலகுவாய் இடங்கொடுக்கும்? அவருடைய அச்சம் வீண் அச்சமும் அன்று என்பதை அடுத்த சில மாதங்களே காட்டின.

1819 ஜூன் 8 அன்று பாஸ்டனிலிருந்து 'இண்டஸ்' என்னும் கப்பல் புறப்பட்டது. அதில் ஸ்கடர் குடும்பத்தாரோடு மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்பால்டிங், ஹென்றி உட்வர்ட் ஆகியோரும் அவர்களுடைய மனைவியரும் இருந்தனர். இந்த வின்ஸ்லோவே பிற்காலத்தில், 1862-இல், அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்டவர். அவ்வாண்டு அக்டோபரில் கப்பல் கல்கத்தாவை அடைந்தது. அங்கே ஸ்கடர் தம்பதியரின் மகள் மரியா நோயுற்று இறந்தாள். இரண்டு வயதுகூட நிறையவில்லை. இலங்கைக் கரையைக் காணுமுன்னரே, ஊழியத்தின் முதல் வார்த்தையைப் பேசுமுன்னரே, அவர்கள் தங்கள் பிள்ளையை அந்நிய மண்ணில் அடக்கம்பண்ணினார்கள். தகப்பன் மருத்துவராயிருந்தும் காக்க முடியவில்லை. இலங்கை வந்தபின்னும் அவர்கள் வேறு பச்சிளம் குழந்தைகளை இழந்தார்கள்.

இதற்கு நான் என்ன விளக்கம் தருவேன்? தேவன் அவர்களைச் சோதிப்பதற்காகப் பிள்ளையை எடுத்துக்கொண்டார் என்று சொல்பவர்கள் உண்டு. பின்னால் விளைந்த பெரும் அறுவடைக்கு அந்தக் குழந்தை விதையாயிற்று என்று அழகாய்ச் சொல்பவர்களும் உண்டு. ஒரு குழந்தையின் மரணத்தைக் கணக்குப் புத்தகத்தில் வரவுக்கு எதிரே செலவாக எழுதும் அதிகாரம் நமக்கு இல்லை. மோரியா மலையில் ஈசாக்கு உயிரோடு இறங்கினான். கல்கத்தாவில் மரியா எழுந்திருக்கவில்லை. இரண்டு குடும்பங்களும் விசுவாசித்தது ஒரே தேவனைத்தான். நமக்குத் தெரிந்த உண்மை இவ்வளவே: அந்தத் தாயும் தகப்பனும் அழுதார்கள், அழுதபின் திரும்பிப் போகும் கப்பலில் ஏறாமல், இலங்கைக்குப் போகும் கப்பலில் ஏறினார்கள். விசுவாசம் என்பது கண்ணீர் இல்லாமை அன்று. கண்ணீரோடு அடுத்த அடியை வைப்பது.

பண்டத்தரிப்பில் தொடங்கிய வாழ்வு

1820-இல் ஸ்கடர் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தம் பணியைத் தொடங்கினார். மருத்துவராய் வந்தவர் குருப்பட்டமும் பெற்றார். தமிழ் கற்றார், மருத்துவமனை நடத்தினார், கிராமம் கிராமமாய் நடந்தார். அதே ஆண்டில் இலங்கையின் ஆங்கில அரசு, அமெரிக்க மிஷனெரிகள் இனிமேல் புதிதாக வரக்கூடாது என்று தடை விதித்தது. அத்தடை 1833 வரை நீடித்தது. 'இண்டஸ்' கப்பலில் வந்தவர்கள் சிறிது காலம் தயங்கியிருந்தால் கதவு அடைபட்டிருக்கும். ஆயத்தம் வேண்டும் என்பது உண்மை. ஆயத்தத்தைச் சாக்காக வைத்து ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது என்பதும் உண்மை.

1836-இல் ஸ்கடர் குடும்பம் சென்னைக்கு இடம்பெயர்ந்தது. வின்ஸ்லோவும் உடன் வந்தார். அச்சுப்பணி, மருத்துவம், சுவிசேஷப் பயணங்கள் என்று நாட்கள் ஓடின. உடல்நலம் குன்றி 1842-இல் அமெரிக்கா சென்றபோது, ஸ்கடர் ஓய்வெடுக்கவில்லை. ஊர் ஊராய்ச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். 1847-இல் மீண்டும் இந்தியா வந்தார். ஹாரியட் 1849 நவம்பர் 19 அன்று சென்னையில் மரித்தார். ஜான் ஸ்கடர் 1855 ஜனவரி 13 அன்று, உடல்நலம் தேடிச் சென்றிருந்த தென்னாப்பிரிக்க முனையில் இறந்தார்.

ஹாரியட்டைப் பற்றிக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி ஒன்று உண்டு. தம் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் அவர் ஜெபத்திற்கென்று ஒதுக்கிவைப்பாராம். அந்தப் பிள்ளைகளில் பலர் அப்போது தாயின் அருகில் இல்லை. மிஷனெரிகளின் பிள்ளைகள் சிறுவயதிலேயே படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்படுவது அக்கால வழக்கம். 1822-இல் பண்டத்தரிப்பில் பிறந்த மூத்த மகன் ஹென்றி மார்ட்டின் ஸ்கடர் பத்து வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். கடலுக்கு அப்பால் வளரும் பிள்ளைக்குத் தாய் செய்யக்கூடியது வேறென்ன? அணைக்க முடியாத நாட்களில் அவர் ஜெபித்தார்.

அந்த ஹென்றி 1844-இல் மிஷனெரியாகவே திரும்பி வந்தார். தம்பியரான வில்லியமும் ஜோசப்பும் சேர்ந்துகொள்ள, 1853-இல் ஆற்காட்டு மிஷன் உருவாயிற்று. ஸ்கடரின் ஏழு மகன்கள் இந்தியாவில் மிஷனெரிகளாய்ப் பணியாற்றினார்கள். அவர்களுள் ஒருவரான சைலஸ், 1866-இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் தொடங்கினார். வேலூர், ஆற்காடு, ஆரணி, சித்தூர், மதனப்பள்ளி என்று தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் இந்த நாடு முழுவதும் அந்தக் குடும்பத்தின் பெயர் பரவியது.

விட்டுச் செல்லப்பட்ட மகள்

ஆயினும் பிள்ளைகளைப் பிரிந்து செய்யும் ஊழியத்தின் விலையை நாம் மறைக்கக்கூடாது. இளைய மகன் ஜான் ஸ்கடரின் மகள் ஐடா, 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தவர். சிறுமியாய் அமெரிக்கா சென்றபின், முதலில் தந்தையும் பின்பு தாயும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அவரோ சிக்காகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். அந்தப் பிரிவின் காயம் ஆழமாகவே இருந்தது. ஒருபோதும் மிஷனெரியாவதில்லை என்று அந்தப் பெண் உறுதிகொண்டிருந்தாள். மிஷனெரி வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இயல்பாகவே அழைப்போடு பிறக்கிறார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தாயின் நோயின் நிமித்தம் சில காலத்திற்கென்று மட்டும் திண்டிவனம் வந்திருந்த ஐடாவின் வாழ்வை ஓர் இரவு மாற்றியது. பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்காக மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராய், அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றவரும் ஓர் இந்து. மருத்துவரான தந்தையை அழைத்துப்போகும்படி ஐடா சொன்னாள். ஆண் மருத்துவர் தங்கள் பெண்களைத் தொட அவர்கள் வழக்கம் இடந்தரவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். தாத்தாவை ஒரு நூல் அழைத்தது. பேத்தியை அந்தக் கதவோசைகள் அழைத்தன. அவர் மருத்துவம் கற்று 1900-இல் திரும்பி வந்தார். 1902-இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. நம்மில் எத்தனை குடும்பங்கள் அந்த வேலூர் மருத்துவமனையின் வராந்தாவில் இரவைக் கழித்திருக்கின்றன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐடாவின் அழைப்பு பெற்றோரிடமிருந்து சுதந்தரமாய் வந்ததன்று. ஆகவே ஆயத்தப்படுகிற பெற்றோரே, உங்கள் தரிசனத்தைப் பிள்ளையின் தோள்மேல் ஏற்றாதிருங்கள். புறப்பாட்டைப் பற்றி அவர்களோடு பேசுங்கள். அவர்கள் விட்டுப்போகிற நண்பர்களுக்காக, பள்ளிக்காக, பாட்டியின் மடிக்காக அவர்கள் அழுவதற்கு இடங்கொடுங்கள். பிள்ளையின் கண்ணீர் ஊழியத்திற்கு இடையூறு அன்று.

திருத்தணியின் மைந்தர் கற்பித்த பாடம்

இவ்வரலாற்றில் நம் ஊரைத் தொடும் மற்றொரு பக்கமும் இருக்கிறது. அது நம்மை மகிழச்செய்வதைவிட, சிந்திக்கச் செய்கிறது.

1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் பிறந்தவர் டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அவர், இளமையில் கல்வி கற்றது பெரும்பாலும் மிஷன் நிறுவனங்களிலேயே. 1896-இல் திருப்பதியில் ஜெர்மானிய ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். 1900 முதல் 1904 வரை வேலூரில் ஆற்காட்டு மிஷனின் ஊரீஸ் கல்லூரியில் பயின்றார். அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சென்றார். கல்வியை அந்த நிறுவனங்கள் அவருக்குத் தாராளமாய்க் கொடுத்தன. அதே நேரத்தில், இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவர் சிலர் கூறிய குறைகள் அவர் மனத்தைப் புண்படுத்தின. தம் முன்னோரின் சமயத்தில் உயிருள்ளது எது என்று ஆராயும்படி அக்குறைகளே தம்மைத் தூண்டின என்று அவரே பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். 1908-இல் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு வேதாந்தத்தின் ஒழுக்கநெறியைப் பற்றியது. அதைப் பாராட்டியவர் அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியரான ஏ. ஜி. ஹாக் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

கடலைக் கடக்கத் துணிந்த தலைமுறை அது. குழந்தைகளைப் புதைத்தும் திரும்பிப் பாராத தலைமுறை. ஆயினும் அண்டை வீட்டாரின் பக்தியை மதிப்போடு நோக்கும் ஆயத்தம் அவர்களில் எல்லாரிடமும் இருக்கவில்லை. உயிரைக் கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்களுக்கும் செவியைக் கொடுப்பது கடினமாயிருந்தது.

திருத்தணியில் வாழும் நமக்கு இது தூரத்துப் பாடமன்று. டிசம்பர் 31 இரவில் நாம் புத்தாண்டு ஆராதனைக்குக் கூடும் அதே வேளையில், மலையின் 365 படிகளிலும் படித் திருவிழா நடக்கிறது; படிக்கு ஒரு பாட்டாய்ப் பாடிக்கொண்டு மக்கள் ஏறுகிறார்கள். ஆடிக் கிருத்திகையில் காவடி சுமந்து வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு நம் தெருவில்தான் தாகம் எடுக்கிறது. அவர்களுடைய நம்பிக்கை நம்முடையது அன்று. ஆனால் அவர்களை இகழ்ந்து பேசும் நாவைக் கொண்டு, வேறொரு நாட்டில் வேறொரு சமயத்தாரிடம் அன்பைப் பேச முடியுமா? மலையடிவாரத்தில் ஒரு செம்பு தண்ணீரை மரியாதையோடு நீட்டக் கற்றுக்கொள்ளாதவர், கடல் கடந்தபின் அதைக் கற்றுக்கொள்வது அரிது. அயல்நாட்டு ஊழியத்தின் முதல் பயிற்சிக்கூடம் நம் தெருவே.

தமிழர் புறப்பட்டபோது

இந்த ஆயத்தம் வெள்ளையருக்கு மட்டும் உரியதாய் இருந்துவிடவில்லை. 'இண்டஸ்' கப்பலில் வந்தவர்கள் விதைத்த யாழ்ப்பாணத்துச் சபைகள், இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், தாங்களே கடல் கடந்து மிஷனெரிகளை அனுப்பின. பாக்கு நீரிணைக்கு இப்பால், இராமநாதபுரத்துக் கரையிலுள்ள தொண்டியே அவர்களுடைய அயல்நாட்டுப் பணித்தளம். 1902-இல் யாழ்ப்பாணம் சென்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா அதைக் கண்டு உள்ளம் குத்துண்டார். அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. திருநெல்வேலிச் சபைகள் தங்கள் பணத்தால், தங்கள் ஆட்களைத் தெலுங்கு நாட்டுக்கு அனுப்பின.

அசரியாவோ பிறரை அனுப்பிவிட்டுத் தாம் இருந்துவிடவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக நாடு முழுவதும் அறியப்பட்டிருந்த அவர், 1909-இல் அப்பதவியை விட்டு, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். தெலுங்கைக் கற்றார். மறு ஆண்டு எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகளின் தியாகத்துக்கு நன்றி கூறியபின், இந்தியச் சபை அதற்கும் மேலாக அவர்களிடம் எதிர்பார்ப்பது நட்பையே என்று துணிந்து சொன்னார். 1912 டிசம்பர் 29 அன்று ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராய் அபிஷேகம் பெற்றார். 1945-இன் முதல் நாளில் மரிக்கும்வரை அந்த மண்ணிலேயே இருந்தார்.

திருநெல்வேலிக் குடும்பம் ஒன்றுக்கு அன்று தெலுங்கு நாடு அயல்நாடே. உணவு வேறு, மொழி வேறு, அரசு வேறு. ஒரே தெருவில் இரு மொழியும் கேட்டு வளர்கிற எல்லையோர மக்களாகிய நமக்கு, பிறமொழியாரோடு பழகும் திறத்தைக் கர்த்தர் பிறப்பிலேயே கொடுத்திருக்கிறார். அதை நாம் ஊழியத்திற்கான வரமாக எண்ணியிருக்கிறோமா?

நமக்குரிய கேள்விகள்

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று லூக்கா 14-இல் நம் ஆண்டவர் போதித்தார். அவர் அங்கே சொல்லும் உட்கார்தல் விசுவாசக் குறைவன்று. விசுவாசத்தின் ஒரு பகுதி. இன்று நம்மிடையே சிலர் செவிலியராய், ஆசிரியராய், பொறியாளராய்ப் பிறநாடுகளுக்குப் போகிறார்கள். அந்தப் பணியையே சாட்சியாக்க ஆயத்தப்படுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இது. கடனைத் தீர்த்துவிட்டுப் போங்கள். பெற்றோரின் மருந்துக்கும் முதுமைக்கும் யார் பொறுப்பு என்று உடன்பிறந்தாரோடு அமர்ந்து பேசிவிட்டுப் போங்கள். பகைத்திருக்கும் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டுப் போங்கள். போகும் நாட்டின் மொழியை இங்கிருக்கும்போதே கற்கத் தொடங்குங்கள். உங்கள் முடிவை எதிர்க்கிற தகப்பனை வசனத்தால் வாயடைக்காமல், அவர் அன்பின் அச்சத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

தங்கியிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. அப்போஸ்தலர் 13-இல் அந்தியோகியா சபையார் உபவாசித்து, ஜெபித்து, கைகளை வைத்து இருவரை அனுப்பினார்கள். வைத்த கையை நாம் எடுத்துவிடக்கூடாது. வழியனுப்பு விழாவில் மாலை சூட்டிவிட்டு, மறுமாதமே மறந்துபோகிற சபை அனுப்புகிற சபையன்று. அவர்களுடைய பெற்றோரின் வீட்டு வாசலை நாம் மிதிக்க வேண்டும். அவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளை நாமும் நினைத்து ஜெபிக்க வேண்டும். சோர்ந்து திரும்பி வந்தால், தோற்றவர்களாய் எண்ணாமல் வீட்டாராய் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஹாரியட் ஸ்கடர் தம் மகள் மரியாவைக் கல்கத்தாவில் விட்டுச் சென்றபோது, பண்டத்தரிப்பையும் அறியார், இராணிப்பேட்டையையும் அறியார், வேலூரையும் அறியார். அவர் அறிந்திருந்தது தம்மை அழைத்தவரை மட்டுமே. அது போதுமானதாயிருந்தது என்று அவர் வாழ்வு சொல்கிறது.

ஜெபிப்போம்

எங்கள் பரம பிதாவே, தூர தேசம் போக ஆயத்தப்படுகிற குடும்பங்களை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். கணவனுக்கும் மனைவிக்கும் ஒருமனத்தைத் தாரும். பிள்ளைகளின் பயத்தை நீரே கேட்டருளும். விட்டுப் பிரியும் பெற்றோரின் முதுமைக்குத் துணையாயிரும். போகிறவர்களுக்குத் தாழ்மையான நாவையும் கேட்கிற செவியையும் கொடும். இருக்கிறவர்களாகிய நாங்கள் வைத்த கையை எடுக்காதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.